ஆன்லைனில் பழைய வெள்ளி ரூபாய் வாங்குவது எப்படி? போலியைக் கண்டுபிடிக்கப் படிப்படியான விளக்கம்

நாணயம் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பலரும் முதலில் ஆசைப்படுவது பிரிட்டிஷ் இந்திய வெள்ளி ரூபாய்க்குத்தான். விக்டோரியா ராணி, எட்வர்ட், ஜார்ஜ் தலை போட்ட பெரிய காசு. இன்று தேடினால் விற்பனைத் தளங்களிலும் ஃபேஸ்புக் குழுக்களிலும் வாட்ஸ்அப்பிலும் கொட்டிக் கிடக்கிறது. அதில் போலியும் ஏராளம். முதல் காசே போலி என்று தெரிந்ததும் மனம் விட்டு, சேகரிப்பையே நிறுத்திவிட்டவர்கள் இருக்கிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் இந்த வெள்ளி ரூபாயைச் சோதிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம்.

தேவையான பொருள்கள்: 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு, வெர்னியர் காலிப்பர், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஒரு நல்ல காந்தம், தையல் நூல், ஒரு பிளாஸ்டிக் டம்ளர். காசு வாங்குவதற்கு முன்னால் இவற்றை வாங்கிவிடுங்கள்.

படி 1: விளம்பரத்தைப் பார்க்கும் முன் காசைப் படியுங்கள்

1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே மாதிரியான ரூபாயைக் கொண்டுவந்தது. எடை 180 கிரெய்ன், அதாவது ஒரு தோலா. இன்றைய கணக்கில் 11.66 கிராம். வெள்ளி 91.7 சதவீதம், மீதி செம்பு. விட்டம் 30.5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். இந்த எடை அவ்வளவு நம்பகமானது என்பதால்தான் பழைய சித்த மருத்துவக் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று மருந்துச் சரக்கை அளந்தார்கள்.

அடுத்தது ஆண்டுகள். 1835 ரூபாயில் நான்காம் வில்லியம் மன்னர். அடுத்து விக்டோரியா, 1840. இந்த இரண்டிலும் பின்பக்கம் கம்பெனியின் பெயர் இருக்கும். அதற்கப்புறம் பல ஆண்டுகளுக்கு 1840 என்ற ஆண்டைப் போட்டே அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆக, 1841 முதல் 1861 வரை ஆண்டு போட்ட விக்டோரியா ரூபாய் கிடையவே கிடையாது. 1862 முதல் கம்பெனி பெயர் போய் 'இந்தியா' வருகிறது. 1876 வரை 'விக்டோரியா குயின்', 1877 முதல் 1901 வரை 'விக்டோரியா எம்பிரஸ்'. எட்வர்ட் 1903 முதல் 1910 வரை. ஐந்தாம் ஜார்ஜ் 1911-இல் தொடங்குகிறார், ஆறாம் ஜார்ஜ் 1938-இல்.

இதை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'எம்பிரஸ்' என்று போட்டு 1875 என்று ஆண்டு இருந்தால் அந்த விளம்பரத்தை அத்தோடு மூடிவிடலாம். 1862 காசில் கம்பெனி பெயர் இருந்தாலும் அப்படித்தான். போலி அடிப்பவர்கள் ஒரு காசின் முன்பக்கத்தையும் வேறொரு காசின் பின்பக்கத்தையும் சேர்த்துவிடுவது சகஜம்.

படி 2: இல்லாத காசை அடையாளம் காணுங்கள்

சில போலிகளுக்கு அசலே கிடையாது. 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818, அரை அணா' என்று போட்டு, மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ இருக்கும் செம்பு, பித்தளைக் காசுகளைப் பார்த்திருப்பீர்கள். 1717, 1616 என்றுகூட ஆண்டு போட்டிருப்பார்கள். கம்பெனி இப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பக்திக்காகவும் அலங்காரத்துக்காகவும் பிற்காலத்தில் அடித்த வில்லைகள் இவை. பூஜை அறையில் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் 'அபூர்வ நாணயம், லட்சக்கணக்கில் மதிப்பு' என்று சொன்னால் அது ஏமாற்று வேலை.

இவற்றை மக்கள் நம்புவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. சாமி உருவம் போட்ட காசைக் கம்பெனி உண்மையிலேயே வெளியிட்டிருக்கிறது, அதுவும் நம் சென்னையில். மதராஸ் வராகன் என்ற பொற்காசுகளில் விஷ்ணு உருவம் இருக்கும். தேவியர் இருவரோடு பெருமாள் நிற்கும் வராகனும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வெள்ளி அரை வராகனில் கோயில் கோபுரமே இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயச் சேகரிப்பு மிகப் பெரியது. வாய்ப்புக் கிடைக்கும்போது அசல் காசுகளை நேரில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

படி 3: விலையை வெள்ளியோடு ஒப்பிடுங்கள்

11.66 கிராமில் 91.7 சதவீதம் என்றால் ஒரு ரூபாயில் சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை 10.7-ஆல் பெருக்குங்கள். வருகிற தொகைக்கும் குறைவாக ஒருவர் காசு விற்கிறார் என்றால், ஏன் என்று கேளுங்கள். உருக்கினாலே அதைவிடக் கூடுதலாகக் கிடைக்குமே! 'பத்துக் காசு செட், 999 ரூபாய்' போன்ற விளம்பரங்களெல்லாம் இந்த ஒரு கணக்கிலேயே விழுந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பழையது என்றாலே விலை உயர்ந்தது என்ற எண்ணம் வேண்டாம். மதராஸ் மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த 1808-ஆம் ஆண்டின் 'பத்துக் காசு' மதிப்புள்ள நாணயங்களை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல், 1809 ஜனவரியில் அங்கேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனது. 1980-களில் அந்தக் காசுகளைப் பெருமளவில் வெளியே எடுத்தார்கள். அதனால் 200 வயது தாண்டிய அந்தச் செம்புக் காசு இன்றும் சாதாரண விலைக்கே கிடைக்கிறது. விலையை முடிவு செய்வது எத்தனை காசு மிஞ்சியிருக்கிறது, எவ்வளவு பேர் தேடுகிறார்கள், எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான். வயது அதற்கப்புறம்.

படி 4: விற்பவரிடம் படம் கேளுங்கள்

விளம்பரத்தில் இருக்கும் படம் வேறு யாருடைய காசாகவும் இருக்கலாம். கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினால் சில நேரம் அதே படம் வேறு நாட்டு ஏலத் தளத்தில் கிடைக்கும். அதனால் புதிதாகப் படம் கேளுங்கள்: இரண்டு பக்கமும், பக்கத்தில் அன்றைய தேதியைக் கையால் எழுதிய சீட்டோடு. தராசின் மேல் வைத்து எடை தெரிகிற மாதிரி ஒன்று. விளிம்பைக் காட்டும் படம் ஒன்று. நேர்மையான டீலர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். 'நிறைய பேர் கேட்கிறாங்க, இப்பவே பணம் போடுங்க' என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

பணம் அனுப்பும்போது, திருப்பி அனுப்பும் வசதி இருக்கும் தளத்தின் வழியாகவே அனுப்புங்கள். முன்பின் தெரியாதவரின் யுபிஐ எண்ணுக்கு முழுத் தொகையும் முன்கூட்டியே போடுவது எந்தக் காசுக்கும் தகாது.

படி 5: பார்சல் வந்ததும் சோதியுங்கள்

உறை பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டில் தொடங்கி, காசு தராசில் ஏறும் வரை வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். தகராறு வந்தால் அதுதான் சாட்சி.

முதலில் எடை. புழங்கித் தேய்ந்த காசு 11.4, 11.5 என்று காட்டலாம். அது இயல்பு. எழுத்தெல்லாம் கூர்மையாக இருக்கும் காசு 10 கிராம் என்று காட்டினால் சரியில்லை. 11.66-ஐ விடத் தெளிவாகக் கூடியிருந்தாலும் சந்தேகப்படுங்கள், தேய்மானம் எடையைக் கூட்டாது. காலிப்பரில் விட்டத்தையும் பாருங்கள்.

அடுத்து காந்தம். வெள்ளி ஒட்டாது. ஆனால் ஒட்டவில்லை என்பதாலேயே வெள்ளி என்று ஆகிவிடாது, பித்தளையும்தான் ஒட்டாது. 1947-ஆம் ஆண்டு ரூபாய் மட்டும் விதிவிலக்கு. பின்பக்கம் புலி இருக்கும் அந்தக் காசு நிக்கல், அசலே காந்தத்தில் ஒட்டும். போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இப்போது தண்ணீர்ச் சோதனை. எனக்குத் தெரிந்து வீட்டில் செய்யக்கூடியவற்றில் இதற்கு இணையானது வேறில்லை. காசுக்கு ஒரு கீறல்கூட விழாது. டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க நீருக்குள் இருக்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலும் ஓரத்திலும் படக்கூடாது. நூலைக் கையில் பிடித்தால் நடுங்கும், ஒரு குச்சியில் கட்டிப் பக்கத்துப் புத்தக அடுக்கின் மேல் வைத்தால் அசையாமல் நிற்கும். காசின் மேல் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் மெதுவாக உதறிவிடுங்கள், குமிழி இருந்தால் எண் தப்பாக வரும்.

தராசு இப்போது காட்டுவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 91.7 சதவீத வெள்ளிக்கு அது 10.3-ஐ ஒட்டி வர வேண்டும். 11.66 கிராம் காசு என்றால் தராசு 1.13 காட்டும். செம்பும் நிக்கலும் கலந்து வெள்ளிப் பூச்சு பூசிய போலியாக இருந்தால் அதே எடைக்கு 1.31 வரும், அடர்த்தி 8.9. வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 1940 முதல் வந்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி 50 சதவீதம்தான், அதற்கு 1.22-ஐ ஒட்டி வருவதே சரி. ஒரு முறைக்கு மூன்று முறை செய்து பாருங்கள்.

ஈயம் கலந்த போலி சில சமயம் அடர்த்தியில் தப்பிவிடும். அதற்குத்தான் அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் ரூபாயைச் சுண்டிப் பார்த்தார்கள். தரையில் போட வேண்டாம், அடிபட்டுவிடும். விரல் நுனியில் நிறுத்தி பென்சிலால் விளிம்பை லேசாகத் தட்டுங்கள். வெள்ளி கணீரென்று நீண்டு ஒலிக்கும், ஈயம் சேர்ந்தது மொத்தையாகச் சத்தம் போட்டு அடங்கிவிடும்.

அப்புறம் லென்ஸ். வெள்ளியிலேயே செய்த போலிகளும் உலவுகின்றன, அவை மேலே சொன்ன எல்லாவற்றிலும் தேறிவிடும். அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். அச்சில் அடித்த அசலில் எழுத்துகளின் ஓரம் செங்குத்தாக எழுந்து நிற்கும், எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடம் வழவழப்பாக இருக்கும். உலோகத்தை உருக்கி ஊற்றி வார்த்த போலியில் எழுத்து மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசி குத்திய மாதிரிப் புள்ளிகள் தெரியும். விளிம்பில் கோடுகள் ஒழுங்காக இல்லாமல், நடுவில் ஒட்டுப்போட்ட தடம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ராணியின் தலைமுடி, உடையின் பூவேலை ஆகியவற்றை அருங்காட்சியகத் தளங்களில் உள்ள அசல் படங்களோடு வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

என்ன சோதித்தாலும், காசைப் புளி போட்டோ பற்பசை போட்டோ தேய்க்காதீர்கள். அந்தக் கருமைதான் சேகரிப்பாளர்கள் விரும்புவது, தேய்த்தால் மதிப்பு இறங்கிவிடும்.

படி 6: அபூர்வ ஆண்டு என்றால் தொடக்கத்திலேயே விலகுங்கள்

1939 ரூபாய் மிகவும் அரிது. அதனால் 1938 காசின் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கி விற்கிறார்கள். காசு அசல், வெள்ளி அசல், ஆண்டு மட்டும் போலி. அந்த எண்ணைச் சுற்றிப் புதுக் கீறலோ, நிற வேறுபாடோ இருக்கிறதா என்று பாருங்கள். 1911 ரூபாய்க்கும் தனிக் கதை உண்டு. ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருந்த சிறிய யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, வெளியிடுவதை நிறுத்தி, பெரும்பகுதியை உருக்கிவிட்டார்கள். 1912-இல் யானையைத் திருத்தினார்கள். ஆகவே 1911 என்று விற்கும் காசில் திருத்திய யானை இருந்தால் வாங்காதீர்கள்.

இப்படிப்பட்ட காசுகளை, அனுபவமுள்ள ஒருவரிடம் நேரில் காட்டிய பிறகே வாங்குங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களின் பிளாஸ்டிக் பெட்டியில் இருப்பதும் உத்தரவாதம் ஆகாது, பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள். பெட்டியிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையிலிருக்கும் காசோடு கீறல் கீறலாக ஒப்பிடுங்கள்.

படி 7: 'உங்கள் காசை லட்சத்துக்கு வாங்குகிறோம்' என்று வந்தால்

வாங்குகிறவர்களை மட்டும் குறிவைத்து மோசடி நடப்பதில்லை. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் இருந்தால் பத்து லட்சம் என்று வீடியோ வரும். அழைத்தால், பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதி என்று ஒவ்வொன்றாகப் பணம் கறப்பார்கள். அந்தக் காசு புழக்கத்துக்காக வெளியிட்டது, கடையில் ஐந்து ரூபாய்க்குத்தான் போகும். பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது. பணம் உங்களுக்கு வர வேண்டுமென்றால் யுபிஐ பின் போடத் தேவையே இல்லை என்பதையும் வீட்டில் பெரியவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் கலந்த செம்பு என்று வருபவை இன்னும் மோசம். பேச்சே கொடுக்காதீர்கள்.

படி 8: சட்டமும் புகாரும்

1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. துபாயிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் கேட்டாலும் பார்சல் போட்டுவிடாதீர்கள். நிலத்தில் தோண்டும்போது புதையலாகக் கிடைத்த காசு என்று யாராவது விற்க வந்தால், அது ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டிய பொருள், வாங்கினால் சிக்கல் உங்களுக்கும் வரும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மூடி மறைக்க வேண்டாம். பணம் போன உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் போன பணத்தை நடுவிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, உறை பிரித்த வீடியோ எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். விற்பனைத் தளத்தோடு தகராறு என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. கையில் மாட்டிய போலியை 'பரவாயில்லை, பாதி விலையாவது கிடைக்கட்டும்' என்று இன்னொருவர் தலையில் கட்டாதீர்கள். உறையில் 'போலி' என்று பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த காசு வரும்போது லென்ஸுக்கு அடியில் பக்கத்தில் வைத்து ஒப்பிட அது உதவும்.