இரண்டு மொழிகளை இணைக்கும் நேட்டிவ் லைப்ரரி: எல்லையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பைத்தான் நிரலிலிருந்து சி அல்லது ரஸ்டில் எழுதி இயந்திர மொழிக்கு மாற்றிய நேட்டிவ் லைப்ரரியை அழைக்கும்போது, அந்தந்த மொழியின் கருவிகள் தத்தம் பக்கத்தை மட்டுமே சரிபார்க்கும். நடுவிலுள்ள எல்லையைச் சரிபார்க்க யாரும் இல்லை. அங்கே நடக்கும் தவறு உடனே வெளியே தெரிவதும் அரிது. வெகுநேரம் கழித்து, சம்பந்தமே இல்லாத ஒரு வரியில் செக்மென்டேஷன் ஃபால்ட்டாக (தொடக் கூடாத மெமரியைத் தொட்டதால் நிரல் நின்றுபோவது) வந்து நிற்கும்.

முதலில் டைப் அறிவிப்பு. சி லைப்ரரிகளை அழைக்கப் பைத்தானோடு வரும் சிடைப்ஸில், ஒரு ஃபங்ஷனுக்கு ரெஸ்டைப் (அது திருப்பித் தரும் மதிப்பின் டைப்) குறிப்பிடாவிட்டால், அது சி மொழியின் இன்ட்டைத் திருப்பித் தருவதாகவே எடுத்துக்கொள்ளப்படும். 64 பிட் கணினியில், மெமரி முகவரியான பாயிண்டருக்கு 8 பைட் வேண்டும். இன்ட்டுக்கு 4 தான். மேல்பாதி வெட்டுப்பட்டுப் போகும். முகவரி தற்செயலாகச் சிறியதாக இருந்தால் எல்லாம் சரியாக ஓடுவதுபோலத் தெரியும் என்பதுதான் இதில் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ரெஸ்டைப், ஆர்க்டைப்ஸ் (உள்ளே அனுப்பும் மதிப்புகளின் டைப்கள்) இரண்டையும் எழுதுங்கள். லைப்ரரியின் ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் கோப்பில் லாங் என்ற டைப்பையும் தவிருங்கள்: விண்டோஸில் அது 4 பைட், 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 8 பைட். அளவு பெயரிலேயே இருக்கும் இன்ட்32_டி, இன்ட்64_டி போன்றவையே பாதுகாப்பு.

அதிகம் பேர் சறுக்கும் இடம் மெமரி. சி பக்கம், மாலாக் மூலம் மெமரி ஒதுக்கி உருவாக்கிய ஒரு சரத்தை (ஸ்ட்ரிங்) திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பைத்தானில் அதற்கு சி_சார்_பி என்று ரெஸ்டைப் கொடுத்தால், சிடைப்ஸ் அதை உடனே பைட்ஸ் ஆப்ஜெக்டாக நகலெடுத்துத் தந்துவிடும். மூல பாயிண்டர் உங்கள் கைக்கு வரவே வராது. அதை விடுவிக்க வழியில்லை. ஒவ்வொரு அழைப்பிலும் மெமரி கசியும். சி_வாய்ட்_பி (வெறும் முகவரி) என்று வாங்கி, ஸ்ட்ரிங்_அட் கொண்டு நகலெடுத்து, பிறகு லைப்ரரியே தரும் விடுவிப்பு ஃபங்ஷனை அழைப்பதுதான் முறை. அந்த விடுவிப்பு ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் எழுத மறந்தால், முன்பு சொன்ன வெட்டு இங்கேயும் நடக்கும்.

ஒதுக்கியவரே விடுவிக்க வேண்டும் என்ற விதிக்கு விலக்கே வைக்காதீர்கள். விண்டோஸில் லைப்ரரியும் அழைப்பவரும் வெவ்வேறு சி ரன்டைமோடு இணைக்கப்பட்டிருந்தால், ஒன்றின் மாலாக்கை மற்றொன்றின் ஃப்ரீ விடுவிக்கும்போது ஹீப் (மாலாக் ஒதுக்கும் மெமரிப் பகுதி) சிதையும்.

சி பக்கம் திரும்ப அழைப்பதற்காக நாம் கொடுக்கும் ஃபங்ஷனான கால்பேக்கிலும் இதே உரிமைப் பிரச்சினைதான். பைத்தான் ஃபங்ஷனை, சிடைப்ஸின் சிஃபங்ஷன்டைப் மூலம் சுற்றி, அழைப்புக்குள்ளேயே உருவாக்கிக் கொடுத்தால், அழைப்பு முடிந்ததும் பைத்தான் அந்த ஆப்ஜெக்டை அழித்துவிடும். சி பக்கம் பிறகு அதை அழைத்தால் அங்கே எதுவும் இருக்காது. சி பக்கம் வைத்திருக்கும் காலம் முழுவதும் ஒரு வேரியபிளில் அதைப் பிடித்து வைத்திருங்கள்.

பிழை நேரும்போது எழும் சி பிளஸ் பிளஸ் எக்ஸெப்ஷனும் ரஸ்ட் பேனிக்கும் எல்லையைத் தாண்டக் கூடாது. ரஸ்ட் 1.81 முதல், எக்ஸ்டர்ன் சி ஃபங்ஷனை (சி முறையில் அழைக்கத் தக்கதாக அறிவித்தது) தாண்டும் பேனிக் முழு ப்ராசஸையும் நிறுத்திவிடும். எல்லையில் நிற்கும் ஒவ்வொரு ஃபங்ஷனின் உள்ளேயும் எல்லாவற்றையும் பிடித்து, பிழை எண்ணாக மாற்றித் திருப்புங்கள். விவரச் செய்தியைத் த்ரெட் வாரியாகச் சேமித்து, தனி ஃபங்ஷன் மூலம் தரலாம்.

ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் நிரலை ஓட்டவிடும் பூட்டுதான் ஜிஐஎல். 'ஜிஐஎல் இருக்கிறதே, இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் உள்ளே வராது' என்பது தவறான நம்பிக்கை. லைப்ரரியை ஏற்றும் சிடிஎல்எல் வழியாக அழைக்கும்போது சிடைப்ஸ் ஜிஐஎல்லை விட்டுவிடுகிறது. லைப்ரரியில் குளோபல் வேரியபிள் இருந்தால் அதற்குப் பூட்டு நீங்களே போட வேண்டும். ஜாவா பக்கம், நேட்டிவ் லைப்ரரியோடு இணைக்கும் இடைமுகமான ஜேஎன்ஐயின் என்வ் பாயிண்டர் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி. அதைச் சேமித்து வைத்து வேறு த்ரெட்டில் பயன்படுத்தக் கூடாது.

சரங்களில் நீளம் என்றால் எந்த நீளம் என்று ஹெடரிலேயே எழுதிவிடுங்கள். 'தமிழ்' என்ற சொல் 5 குறிப்புள்ளி (யூனிகோட் குறியீட்டு எண்), யூடிஎஃப்-8இல் 15 பைட், யூடிஎஃப்-16இல் 10 பைட். ஜேஎன்ஐயின் கெட்ஸ்ட்ரிங்யூடிஎஃப்சார்ஸ் தருவதோ மாற்றியமைத்த யூடிஎஃப்-8. தமிழ் எழுத்துகள் அதில் சரியாகவே வரும். 4 பைட் வேண்டிய இமோஜி 6 பைட்டாக வரும். தமிழை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை தெரியாது.

வேகத்துக்காக லைப்ரரி எழுதிவிட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருமுறை எல்லையைத் தாண்டினால் லாபம் அழைப்புச் செலவிலேயே கரைந்துவிடும். முழு பஃபரையும் ஒரே அழைப்பில் கொடுங்கள். ஆனால் பைத்தானின் எண் கணக்கீட்டு லைப்ரரியான நம்பையின் அரேயிலிருந்து இடைவெளி விட்டு எடுத்த துண்டின் எண்கள் மெமரியில் தொடர்ச்சியாக இருக்காது. அதன் பாயிண்டரை அப்படியே கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராமல் தவறான விடை வரும். தொடர்ச்சியான நகலாக மாற்றும் அஸ்கன்டிகுவஸ்அரே மூலம் அனுப்புங்கள்.

மேம்படுத்தும்போது ஸ்ட்ரக்டின் நடுவே புது ஃபீல்டு சேர்த்தால், பழைய பைண்டிங் (லைப்ரரியை அழைக்கும் இணைப்பு நிரல்) தவறான இடத்தைப் படிக்கும். ஸ்ட்ரக்டை வெளியே காட்டாமல் பாயிண்டரை மட்டும் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

சோதனைக்கு, மெமரி மீறல்களைக் கண்டுபிடிக்கும் கருவியான அட்ரஸ் சானிடைசரோடு ஒரு தனி பில்ட் வைத்திருங்கள். சாதாரண பைத்தானுக்குள் அதை ஏற்ற, லினக்ஸில் சானிடைசர் ரன்டைமை எல்டி_ப்ரீலோட் என்ற சூழல் வேரியபிள் மூலம் முன்பே ஏற்ற வேண்டும். பைத்தானின் சொந்த ஒதுக்கீடுகளும் கசிவுப் பட்டியலில் வரும் என்பதால், கசிவுச் சோதனையை முதலில் அணைத்துவிட்டு மெமரி மீறல்களைத் திருத்துங்கள். கசிவுகளை, ஒரே அழைப்பைப் பல்லாயிரம் முறை ஓட்டி ப்ராசஸின் மெமரி ஏறுகிறதா என்று பார்த்தே கண்டுபிடிக்கலாம்.