கசியும் வீல் சிலிண்டரை வீட்டிலேயே மாற்றுவது எப்படி?

பிரேக் ஆயில் டேங்கில் அளவு இறங்கிக்கொண்டே போகிறது, பின் சக்கரத்தின் உள்பக்கம் ஈரக் கறை தெரிகிறது, பெடலும் முன்பைவிட ஆழமாக இறங்குகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரை. மாருதி 800, ஆல்ட்டோ மாதிரி பின்னால் டிரம் பிரேக் உள்ள சின்ன கார்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன், ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் கப். பெடலை மிதித்தால் ஆயில் பிஸ்டன்களை இருபுறமும் தள்ளும், பிரேக் பிடிக்கும் வளைந்த துண்டான ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மில் அழுந்தும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. பல வருடம் மாற்றாமல் விட்டால் உள்சுவர் துருப்பிடித்து, அந்தத் துரு கப்பை அறுத்துவிடும். அதனால்தான் ரப்பர் கிட் மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. முழு சிலிண்டரையே மாற்றுங்கள். வாங்கும்போது மாடல், வருடம், இடதா வலதா என்று சொல்லி வாங்குங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக் விடுபட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் டிரம் வராது. தூக்கிய பிறகு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள்.

சக்கரத்தைக் கழற்றியதும் டிரம். சில வண்டிகளில் நடுவில் மூடியும் பெரிய நட்டும் இருக்கும், அதை எடுத்த பிறகுதான் வரும். வேறு சிலவற்றில் டிரம் முகத்தில் மரையுள்ள இரண்டு துளைகள் உண்டு. பொருத்தமான போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதாதீர்கள், பழைய லைனரில் (ஷூவில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடையுங்கள். டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் பிஸ்டன் பிதுங்கி வந்துவிடும்.

ஸ்பிரிங் எது எங்கே என்று போட்டோ எடுத்துக்கொண்டு ஷூக்களைக் கழற்றுங்கள். ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம் தொடுங்கள், சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஷூவில் ஆயில் ஊறியிருந்தால் கழுவிப் பயனில்லை. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

இப்போதுதான் உண்மையான வேலை: பிரேக் ஆயில் பைப்பை சிலிண்டரோடு இணைக்கும் பைப் நட். பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் சேரும். சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும், பைப்பும் முறுக்கிக்கொள்ளும். அதற்கென்றே உள்ள ஃபிளேர் நட் ஸ்பேனர் வாங்கிவிடுங்கள், விலை பெரிதல்ல. துரு நீக்கும் ஸ்ப்ரேயை நட்டில் அடித்து, சிறிது நேரம் ஊறவிட்டுத் திருப்புங்கள். சிலிண்டரின் போல்ட்டுகளைத் தொடும் முன்பே இந்த நட்டைத் தளர்த்த வேண்டும், அப்போதுதான் சிலிண்டர் ஆடாமல் பிடித்துக் கொடுக்கும். ஆயில் அதிகம் ஒழுகாமல் இருக்க டேங்க் மூடிக்கடியில் ஒரு பிளாஸ்டிக் தாளை வைத்து மூடுங்கள். பெயின்ட்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

புதிய சிலிண்டரை வைத்ததும் முதலில் பைப் நட்டைக் கையால் சில சுற்று ஏற்றுங்கள். மரை குறுக்கே ஏறினால் எல்லாம் கெட்டது. அப்புறம் பின்னால் உள்ள போல்ட்டுகளை இறுக்கி, கடைசியில் நட்டை இறுக்குங்கள். ஷூ, ஸ்பிரிங், டிரம் எல்லாம் பழையபடி பூட்டுங்கள். நடுவில் நட் உள்ள வண்டியில் அதை எவ்வளவு இறுக்குவது என்பதை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் ஏர் எடுப்பது, அதாவது பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டு, மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயிலையே ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் துளி கலந்தாலும் ரப்பர் உப்பிப் போகும். சிலிண்டரின் பின்னால் ஏர் வெளியேற இருக்கும் சின்னத் திருகான பிளீடர் நிப்பிளில் டியூப் மாட்டி, மறுமுனையைச் சிறிது ஆயில் உள்ள பாட்டிலில் அமிழ்த்துங்கள். உதவிக்கு ஒருவர் பெடலைச் சில தடவை மிதித்து அழுத்திப் பிடிக்கட்டும். நிப்பிளை அரைச் சுற்று திறந்து மூடுங்கள். மூடிய பிறகுதான் அவர் காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும்வரை தொடருங்கள், டேங்க் காலியாக விடாதீர்கள்.

பெடல் கல் மாதிரி நிற்க வேண்டும். பஞ்சு மாதிரி அமுங்கினால் ஏர் மிச்சமிருக்கிறது, அழுத்திப் பிடித்திருக்கையில் மெல்ல இறங்கினால் நட் போன்ற ஏதோ ஓரிடத்தில் கசிவு இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் வண்டியை எடுக்காதீர்கள். சரியாக இருந்தால் ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மறுநாள் சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் உண்டா என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள்.