பாமாயில் ஆலைக் கழிவுநீர் வாறுகாலில் கலக்காமல் இருக்க

திருநெல்வேலிச் சீமையில் பனை என்றதும் பதநீரும் கருப்பட்டியும் நினைவுக்கு வரும். ரேஷன் கடைப் பாமாயிலோ, மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட எண்ணெய்ப்பனையின் பழத்திலிருந்து கிடைப்பது. அப்பழக் குலைகளை நீராவியில் அவித்துப் பிழியும் ஆலையில், ஒரு டன் எண்ணெய்க்கு ஏறத்தாழ 2.5 முதல் 3.5 டன் வரை கழிவுநீர் வெளியேறும். ரசாயனம் கலக்காத நீர்தானே என்று வாறுகாலில், அதாவது சாக்கடை வாய்க்காலில், திறந்துவிடுவது பெரும் பிழை. 80 பாகைச் சூடும் கடும் புளிப்பும் கொண்ட அந்நீர், வீட்டுச் சாக்கடையைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு ஆக்சிஜனை உறிஞ்சக்கூடியது. வாறுகால் வழியே குளத்தை அடைந்தால் மீன்கள் செத்து மிதக்கும்.

முதலில் எண்ணெயைப் பிரிக்க வேண்டும். தடுப்புச் சுவர்கள் கொண்ட தொட்டியில் நீரை மெதுவாக ஓடவிட்டு, மேலே மிதக்கும் எண்ணெயை நாள்தோறும் வழித்தெடுக்க வேண்டும். பிறகு நீரை ஆறவிட வேண்டும்.

அடுத்தது காற்றுப்படாத ஆழக் குளம். வேலையின் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. தரை வழியே நீர் இறங்கிப் பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்காதபடி அடியில் தார்ப்பாய் போன்ற தடித்த விரிப்பு அவசியம். தொடக்கத்தில் சாணக் கரைசலை ஊற்றி நுண்ணுயிர்களைப் பெருகச் செய்து, கழிவுநீரைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் நிரப்பினால் குளம் புளித்துவிடும். புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 7-ஐ ஒட்டி இருக்கட்டும், 6.5-க்குக் கீழே இறங்கினால் (புளிப்பு கூடினால்) புதுக் கழிவுநீரை நிறுத்திவிட்டு, நன்கு செரித்த பழைய நீரைத் திருப்பி விட வேண்டும். குளத்தை மூடி, நுண்ணுயிர்கள் உண்டாக்கும் எரிவாயுவைப் பிடித்தால், ஒரு டன் கழிவுநீருக்குச் சுமார் 28 கன மீட்டர் கிடைக்கும். கொதிகலனுக்கு அது எரிபொருள். அடியில் படியும் வண்டலைக் காயவைத்து, குளத்துக் கரம்பையைப் போலத் தோட்டத்துக்கு அடிக்கலாம்.

இதன்பின் காற்றூட்டும் குளங்களில் தங்கிய நீரைப் பரிசோதித்த பிறகே வெளியேற்ற வேண்டும். நிலத்தில் பாய்ச்ச, லிட்டருக்குப் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் உறிஞ்சும் ஆக்சிஜனின் அளவு) 100 மில்லிகிராமும் எண்ணெய் 10 மில்லிகிராமும் பொதுவான உச்ச வரம்பு. ஆறு, குளங்களில் விட பி.ஓ.டி. 30-ஐத் தாண்டக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கழிவுக்குளம் கரை மீறினால் அதுவரை செய்த வேலையெல்லாம் வீணாகும். ஆகையால் புரட்டாசிக்குள் நீர்மட்டத்தைத் தாழ்த்தி, கூரைநீரும் முற்றத்து மழைநீரும் உள்ளே புகாதபடி தனி வாய்க்கால் வெட்டி வைத்திருக்க வேண்டும்.