இடி மின்னலா? காரை விட்டு இறங்காதீர்கள்

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர் வாக்கிலும் கோலாலம்பூரின் மாலை இடிமழை நமக்குப் பழகிப்போன ஒன்று. ஃபெடரல் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டால் கண்ணாடிகளை முழுதாக ஏற்றிவிட்டு காருக்குள்ளேயே இருங்கள்.

டயர் ரப்பர்தான் காப்பாற்றுகிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கிலோமீட்டர் கணக்கில் காற்றைப் பிளந்து வரும் மின்னலுக்கு டயரின் உயரம் ஒரு பொருட்டா? காப்பாற்றுவது உலோகக் கூடு. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். அதனால் உலோகம் போன்ற கடத்தியில் ஏறும் மின்னூட்டம் வெளிப்பரப்புக்குப் போய்விடும், உள்ளே தங்காது. 1836இல் இங்கிலாந்து விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே உலோகம் போர்த்திய ஒரு பெரிய கூண்டுக்குள் தானே உட்கார்ந்து இதைச் சோதித்தார். கூண்டுக்கு வெளியே பொறி பறந்தது. உள்ளே அவருடைய கருவிகளில் சலனமே இல்லை.

காரிலும் மின்னல் வெளித்தகடு வழியாகவே தரைக்கு இறங்கும். நீங்கள் கதவின் உலோகப் பகுதியையோ சார்ஜரில் செருகிய போனையோ தொடாமல் இருந்தால் போதும். துணிக்கூரை, ஃபைபர் உடல் உள்ள வண்டிகளை மட்டும் நம்ப வேண்டாம்.

அப்புறம், கூர்மையான முனையில் மின்னூட்டம் நெருக்கமாகக் குவியும். இடிதாங்கி கூராக இருப்பதும் இதனால்தான். ஆகவே திறந்த திடலில் குடை வேண்டாம், தனிமரத்தடியும் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் போகிறவர்களைச் சுற்றி எந்தக் கூடும் இல்லை. பக்கத்துக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துக் கிளம்புங்கள்.