உதவி முந்திக்கொள்ளும் இடங்கள்: விசேட பாடசாலை வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைவேளை மணி அடித்ததும், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பிள்ளை தண்ணீர்ப் போத்தலை மடியில் இடுக்கிக்கொண்டு மூடியைத் திருகத் தொடங்குகிறாள். விரல் வழுக்குகிறது. மூடி கால்வாசி சுழன்றதும் கை நழுவுகிறது, திரும்பவும் பிடிக்கிறாள். அதற்குள் பக்கத்தில் நிற்பவர் ‘தா பிள்ளை’ என்று வாங்கி, ஒரே திருகில் திறந்து கொடுத்துவிடுகிறார். அன்பால் செய்ததுதான். ஆனால் அந்த அரை நிமிடம்தான் அவளுடைய அன்றைய பாடம். அது போய்விட்டது.

யாழ்ப்பாணத்து விசேட பாடசாலைகளுக்கும், சாதாரண பாடசாலைகளில் இருக்கும் விசேட கல்வி அலகுகளுக்கும் புதிதாய் வருகிற ஆசிரியர்கள், உதவியாளர்கள், தொண்டர்கள் விடும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மூடித் தவறின் உறவுகள். அவற்றில் சில பாடத்தைக் கெடுக்கும். சில உயிருக்கே ஆபத்து.

மூடியை எப்படித் திறக்கவிடுவது? காலையில் போத்தலை வாங்கும்போதே மூடியைத் தளர்த்தி, கடைசி அரைச் சுற்றை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது சரளமாய் வந்ததும் ஒரு சுற்று, பிறகு ஒன்றரை. எந்த வேலையையும் இப்படிக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிப் பழக்கலாம். காலுறையைக் குதிக்கால் வரை நீங்கள் ஏற்றிவிட்டு, மேலே இழுப்பதைப் பிள்ளைக்கு விடுங்கள். முதற்படியிலிருந்து பழக்கினால் பிள்ளை பாதியில் களைத்துவிடும், முடித்துவைப்பது எப்போதும் நீங்களாகவே இருக்கும். கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் முடித்த சந்தோசம் ஒவ்வொரு முறையும் பிள்ளைக்குக் கிடைக்கும்.

கேள்வி கேட்டபின்னும் அப்படித்தான். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பதில் வராவிட்டால் ஒரு சைகை. பிறகு ஒரு சொல். பிறகு முழங்கையில் மெல்லிய தொடுகை. கையைப் பிடித்துச் செய்விப்பது கடைசி வழி. எல்லாவற்றையும் ஒன்றாய்ச் செய்தால், எது தேவைப்பட்டது, எதைக் குறைக்கலாம் என்பது ஒருவருக்கும் தெரியாமற் போகும். ஐந்தாவது விநாடியில் கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்பதும் தவறு. பிள்ளை முதற் கேள்வியை விளங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டாவது வந்து விழுந்தால், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் ‘அ’ எழுதுவிக்கிறோம். ஒரு நாளுக்கு அது அழகு. வருடம் முழுக்க அப்படி எழுதுவித்தால், பிள்ளை கையைத் தளரவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொப்பி நிறையும், எழுதியது ஆசிரியரின் கை.

கால் தொங்கினால் எழுத்து வராது

‘எழுத விருப்பமில்லை’, ‘சோம்பல்’ என்று சொல்லப்படும் பிள்ளையின் கால்களை முதலில் பாருங்கள். அவை தரையில் படாமல் தொங்கினால் உடம்பு நிலைகொள்ளாது. ஒரு கை மேசையைப் பிடித்துக்கொண்டு விழாமல் காக்கும். மற்றக் கை எழுதும்போது தாள் நழுவும். இடுப்பு கதிரையின் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால் செங்கோணத்தில் மடிய வேண்டும், பாதம் முழுதாய்ப் பதிய வேண்டும், மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். பலகைப் பெட்டி ஒன்றோ, இறுக்கி ஒட்டிய பழைய பத்திரிகைக் கட்டோ காலுக்குப் போதும். பிளாஸ்ரிக் கதிரையில் பிள்ளை முன்னால் வழுகினால், வழுக்காத றப்பர் விரிப்பில் ஒரு துண்டை வெட்டிப் போடுங்கள். பெல்ற்றை மட்டும் இறுக்குவது தீர்வில்லை. அது வயிற்றுக்கு ஏறி மூச்சை அமுக்கும். எவ்வளவு சரியாய் இருத்தினாலும் அரை மணிக்கொரு முறை நிலை மாற்றவேண்டும். தோல் புண்படுவது வலியை உணராத பிள்ளைகளிலும், வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளைகளிலும்தான் அதிகம்.

சக்கர நாற்காலி விடயத்தில் இரண்டு சொல்லிவிட்டுப் போகலாம். எங்கள் பாடசாலை முற்றங்கள் மணல். முன் சில்லு சிறியது, புதையும். முன்னுக்குத் தள்ளினால் பிள்ளை முகங்குப்புற விழும். மணலில் நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாய் இழுங்கள். சாய்தளம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் படியின் நீளத்துக்குள் அடக்கப் பார்ப்பார்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதற்குக் குறைந்தால் பிள்ளை தானாய் ஏற முடியாது, இறங்கும்போது ஆபத்தும்கூட.

சாப்பாட்டு நேரம்

விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குத் தலையை அண்ணாந்து பிடித்து ஊட்டுவது மிகவும் மோசமான பழக்கம். தலை பின்னுக்குச் சாய்ந்தால் மூச்சுக்குழாயின் வாசல் திறந்தே கிடக்கும். உணவு நேரே நெஞ்சுக்குள் போகும். ஊட்டுகிறவர் நின்றுகொண்டு ஊட்டினாலும் இதுவே நடக்கும். கரண்டியைத் தேடிப் பிள்ளை நிமிர்ந்து பார்க்கும் அல்லவா? ஆகவே பிள்ளையின் கண் மட்டத்தில் உட்காருங்கள். நாடி சற்றுக் கீழே தாழ்ந்திருக்கட்டும். கரண்டி நெஞ்சு மட்டத்திலிருந்து வரட்டும். சிறு கரண்டியில் பாதி. விழுங்கி வாய் வெறுமையானபின் அடுத்தது.

எங்கள் காலைச் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது பிட்டு. உதிரும், காயும், வாய் முழுக்கச் சிதறும். நாக்கால் ஒன்றுதிரட்ட முடியாத பிள்ளைக்கு அது அடைப்பு. சொதி விட்டுக் குழைத்து, தடிப்பாய், ஒரே பதத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள். இடியப்பமும் அப்படியே. சோற்றுக்குள் நீர்த்த குழம்பு தனியே ஓட விடாதீர்கள். நீரும் திண்மமும் கலந்த வாயை ஆளுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். தண்ணீர் கொடுத்து உணவைக் கழுவி இறக்குவதும் ஆகாது.

இருமல் வந்தால் எல்லோரும் கவனிப்பார்கள். இருமாமலே உணவு நெஞ்சுக்குள் போகும் பிள்ளைகளும் உண்டு. சாப்பிட்டபின் குரல் ஈரமாய், கரகரவென்று கேட்பது, கண் கலங்குவது, அடிக்கடி நெஞ்சுச் சளி, காய்ச்சல் என்று வருவது எல்லாம் அதன் அடையாளங்கள். அப்படியானால் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்டும்வரை உணவின் பதத்தை உங்கள் எண்ணப்படி மாற்றாதீர்கள். சாப்பிட்ட கையோடு பாயில் படுக்க வைக்கவும் வேண்டாம். அரை மணி நேரம் நிமிர்ந்திருக்கட்டும்.

வலிப்பு வந்தால் திறப்பைத் தேடாதீர்கள்

வலிப்பு வந்ததும் யாராவது ஒருவர் திறப்புக் கோர்வையோடு ஓடிவருவார். இரும்பு வலிப்பை நிறுத்தாது. வலிப்பு தானாய் அடங்கும் நேரத்தில் கையில் திறப்பு இருந்தது, அவ்வளவுதான். அதற்குச் செலவாகும் கைகளுக்கு வேறு வேலை இருக்கிறது. முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். மேசை கதிரையை விலக்குங்கள். தலைக்குக் கீழே மடித்த துவாய் வையுங்கள். கழுத்துப் பட்டியைத் தளர்த்துங்கள். வலிப்பு முடிந்த உடனே ஒருபக்கமாய்ச் சரித்து எச்சில் வெளியே வடிய விடுங்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாய்க்குள் கரண்டி, துணி, தண்ணீர், மாத்திரை எதுவும் வைக்கக் கூடாது. பல் உடையும், இல்லாவிட்டால் மூச்சடைக்கும். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையென்றால், பிறேக்கைப் போட்டுத் தலையைத் தாங்கி அதிலேயே வைத்திருங்கள்.

ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், தெளிய முன் இரண்டாவது வந்தால், அடிபட்டிருந்தால், அந்தப் பிள்ளைக்கு இதுவே முதல் முறையென்றால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். மற்றப் பிள்ளைகளுக்கு என்ன நடந்ததென்று பிறகு சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அவர்கள் பயத்தில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார மறுப்பார்கள்.

கேட்காத பிள்ளைக்கு முதுகு காட்டாதீர்கள்

கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசுவது ஆசிரியர்களின் கைப்பழக்கம். செவிப்புலன் குறைந்த வகுப்பில் அந்த நேரம் பாடம் நின்றுவிடுகிறது. எழுதுங்கள், திரும்புங்கள், பிறகு சொல்லுங்கள். ஜன்னலுக்கு முன்னால் நின்று சொல்லாதீர்கள். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் முகம் கறுத்துத் தெரியும், உதடும் தெரியாது, கைச்சைகையும் தெரியாது.

‘உதட்டைப் பார்த்தால் விளங்கிக்கொள்வான்’ என்பதும் பாதிதான் உண்மை. கண்ணாடிக்கு முன் நின்று குரலில்லாமல் ‘பாடு’, ‘மாடு’ என்று சொல்லிப் பாருங்கள். ‘படம்’, ‘மடம்’ சொல்லிப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றுமே தெரியாது. சைகை மொழியைத் தடுத்துவிட்டு உதட்டை மட்டும் நம்பச் சொல்வது, பிள்ளையை நாள் முழுக்க ஊகிக்க விடுவதாகும்.

செவிப்புலன் கருவி போட்டதும் காது கேட்டுவிடும் என்று நினைப்பவர்கள், வகுப்பு இரைச்சலையும் கருவி சேர்த்தே பெருப்பிக்கிறது என்பதை மறக்கிறார்கள். கருவி கூவினால் ஒலியைக் குறைத்துவிட்டு இருந்துவிடாதீர்கள். பிள்ளை வளர்ந்து, காதுக்குள் பொருத்தும் காதச்சு தளர்ந்திருக்கும். புது அச்சு எடுக்கவேண்டும். சிறு பற்றரியின் ஒட்டுத்தாளை உரித்தபின் ஒரு நிமிடமாவது காற்றுப்பட விட்டுப் போடுங்கள். உரித்தால் பாவிக்காவிட்டாலும் அது தீரத் தொடங்கும், ஆகவே முன்கூட்டியே உரித்து வைக்காதீர்கள். எங்கள் வெக்கைக்கும் வியர்வைக்கும், இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரமுறிஞ்சிப் பொட்டலம் போட்ட இறுக்கமான டப்பாவில் வைத்தால்தான் கருவி நீடிக்கும்.

பார்வை இல்லாத பிள்ளைகளின் வகுப்பில் ‘அங்கே வை’, ‘இதை எடு’ என்ற சொற்கள் பயனற்றவை. ‘உன் வலக்கைப் பக்கம், மேசை விளிம்பில்’ என்று சொல்லுங்கள். கூட்டிவிட்டுக் கதிரையை வேறிடத்தில் விட்டுப் போவது அவர்களுக்கு வீதியில் குழி வெட்டியதற்குச் சமம். வெண்பிரம்பின் நுனியைப் பிடித்து இழுத்துப் போகாதீர்கள். பிள்ளை உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே பிடிக்கட்டும்; நீங்கள் அரை எட்டு முன்னால் நடவுங்கள்.

பிறெயில் தெரியாத ஆசிரியர் எழுத்துக்கூட்டும்போது அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. அச்சில் ‘கெ’ எழுதக் கொம்பு முன்னால் வரும். பிறெயிலில் முதலில் ககரம், அதற்குப் பிறகுதான் உயிர்க்குறி. ‘கொ’வுக்கும் ஒரே குறிதான், இரண்டு பக்கமும் வராது. மெய்யெழுத்தின் புள்ளியோ நேர் எதிர்: ‘க்’ எழுதப் புள்ளிக்குரிய குறி ககரத்துக்கு முன்னால் வரும். ‘கொம்பு போட்டுக் கானா’ என்று சொல்லிக்கொடுத்தால், பிள்ளை சரியாய் எழுதியதை நீங்களே பிழையாக்கிவிடுவீர்கள். ‘கெ’ என்று ஒலித்துச் சொன்னால் போதும். பிறெயில் புத்தகங்களை ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். பாரத்தில் புள்ளிகள் தட்டையாகும்.

சாப்பாடு கொடுக்க வருகிறவர்களிடம்

31ஆம் நாள், ஆண்டுத்திவசம், கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என்று எங்கள் விசேட பாடசாலைகளுக்குச் சாப்பாடு கொடுக்க வரும் குடும்பங்கள் ஏராளம். நல்ல மனது. ஆனால் திடீரென்று பத்துப் பேர் வகுப்புக்குள் வந்து, நேர அட்டவணை மாறி, பாட்டுப் பாடச் சொல்லி, ‘ஐயோ பாவம்’ என்று உச்சுக்கொட்டினால், ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு அந்த நாள் குலைந்துவிடும். காதைப் பொத்துவதையும் கத்துவதையும் ‘குழப்படி’ என்று எழுதிவைப்போம். முதல் நாளே படம் காட்டிச் சொல்லுங்கள்: நாளை கணிதத்துக்குப் பிறகு விருந்தினர், சாப்பாடு, பிறகு வீடு. சத்தம் தாங்காத பிள்ளைக்குப் போயிருக்க ஓர் அமைதியான மூலை முன்கூட்டியே தயாராய் இருக்கட்டும்.

கொடுப்பவர்களிடம் வெளிப்படையாய்க் கேளுங்கள். பாயாசத்தில் கசுக்கொட்டை, வடை, அப்பளம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆகாது. தட்டோடு பிள்ளையின் முகத்தைப் படமெடுத்து முகநூலில் போடப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். மண்டபத்தையும் சமையலையும் படமெடுக்கட்டும். இன்னும் ஏதாவது செய்ய விருப்பமென்றால் தடித்த பிறெயில் தாள், கருவிப் பற்றரி, ஊன்றுகோலின் அடி றப்பர் என்று எழுதிக் கொடுங்கள். தேய்ந்த றப்பரோடு ஈரச் சீமெந்தில் நடக்கும் பிள்ளைக்கு அந்தச் சிறு துண்டு ஒரு நேரச் சாப்பாட்டைவிடப் பெரிது.

பெற்றோரிடம் ‘இனி இங்கேயே இருக்கட்டும்’ என்று சொல்லிவிடுவதும் தவறு. கைதடி நஃபீல்ட் பாடசாலை, கோண்டாவில் சிவபூமி, சுன்னாகம் வாழ்வகம் போன்ற விசேட நிலையங்கள் இருப்பது பிள்ளைக்குப் பலம். ஆனால் ஊர்ப் பாடசாலைக்குப் போகக்கூடிய பிள்ளையை ஊர்ப் பாடசாலையிலேயே சேர்க்க முயல வேண்டும். இயலாமையைக் காரணம் காட்டிக் கல்விநிலைய அனுமதியில் பாகுபாடு காட்டுவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. பெற்றோர் அதைத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாய், வீட்டுக்கு அனுப்பும் குறிப்புக் கொப்பி. ‘இன்று நல்லாயிருந்தாள்’, ‘இன்று குழப்படி’ என்ற வரிகளால் வீட்டில் ஒருவரும் எதுவும் செய்ய முடியாது. என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை எதைத் தானாய்ச் செய்தாள் என்று மூன்றே வரி எழுதுங்கள். பகலில் பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா என்றால், அவருக்கு வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் எழுதுங்கள்: ‘போத்தல் மூடி, கடைசி ஒரு சுற்று, தானே திறந்தாள். வீட்டிலும் தளர்த்திக் கொடுங்கோ, திறந்து கொடுக்காதேங்கோ.’