பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பிய அப்பா: பிசியோதெரபி தேதி வரும்வரை என்ன செய்வது?

பக்கவாதம் வந்தவரை வார்டில் ஒரு வாரமோ பத்து நாளோ வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுபரிசோதனைக்கு மூன்று வாரம் கழித்து வரச் சொல்வார்கள். பிசியோதெரபிக்கு அதற்கும் மேல் இழுக்கும். ஆனால் உடம்பு தேதி பார்ப்பதில்லை. கை கால் திரும்பி வருவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாக நடக்கும். படுக்கைப் புண் வருவதும், தோள் மூட்டு நழுவுவதும், சோறு நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் பிடிப்பதும் அதே நாட்களில்தான். எனவே இந்த இடைவெளியையும் சிகிச்சைக் காலமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வார்டை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் மடித்துப் பையில் போட்டுவிடாதீர்கள். பணியில் இருக்கும் டாக்டரிடமோ நர்ஸிடமோ நின்று இவற்றைக் கேட்டு, அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: பிரஷர் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும்? எந்த மாத்திரையை எத்தனை மாதம் தொடர வேண்டும்? மூக்குக் குழாயும் யூரின் டியூபும் இருந்தால் எந்தத் தேதியில், எங்கே மாற்ற வேண்டும்? வாயால் என்னென்ன கொடுக்கலாம்?

வார்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுமதி கேட்டு, அவர் அப்பாவைத் திருப்புவதையும் உட்கார வைப்பதையும் போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேதி தள்ளிப்போனாலும் அந்த இரண்டு நிமிட வீடியோ வீட்டில் கைகொடுக்கும். சி.டி. ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றையும் போட்டோவும் எடுத்து வையுங்கள். ஒரு தாள் தொலைந்தால் அதே பரிசோதனைக்கு மறுபடி வரிசையில் நிற்க நேரும்.

கட்டிலும் திருப்பிப் படுக்க வைப்பதும்

கயிற்றுக் கட்டில் வேண்டாம். நடுவில் தொய்வதால் திருப்புவது கடினம், இடுப்பிலும் பாரம் ஏறும். உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிகிற உயரமுள்ள மரக்கட்டில் போதும். ஒரு பக்கம் சுவரோடு சேர்த்துப் போடாமல், இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விடுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், இரவிலும்தான். இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று முறை வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் திருப்பினோம் என்று சுவரில் ஒட்டிய தாளில் குறியுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது முழுதாகச் சாய்க்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் போதும். முழுதாகச் சாய்த்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பு மெத்தையில் அழுந்தி அங்கே புண் வரும். முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வையுங்கள். குதிகால் மெத்தையில் படாதபடி கெண்டைக்காலின் கீழே மடித்த துண்டு வைக்கலாம். முழங்காலுக்கு அடியில் நாள் முழுதும் தலையணை வைத்தே விட்டால் கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும்.

ஏர் பெட் வாங்கினால் அதன்மேல் ஒரே ஒரு பருத்தி விரிப்புதான் போட வேண்டும். ரெக்சின், பிளாஸ்டிக் ஷீட், அதன்மேல் கனமான பெட்ஷீட் என்று அடுக்கினால் மெத்தை வேலை செய்யாது. ஏர் பெட் இருந்தாலும் திருப்பாமல் இருக்க முடியாது. கரண்ட் போனால் காற்றும் இறங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தினமும் குளிப்பாட்டித் துடைக்கும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால், தோள்பட்டை ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் ஒரு கணம் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது புண்ணின் தொடக்கம். மாநிறத்தில், கறுப்பில் சிவப்பு சரியாகத் தெரியாது. அந்த இடம் சுற்றியிருக்கும் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைப்பதை நிறுத்துங்கள். அங்கே தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது, உள்ளே நைந்த தசை இன்னும் கிழியும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையமும் வேண்டாம். அதன் விளிம்பு ரத்த ஓட்டத்தை அடைக்கும்.

தோளைக் காப்பாற்றுங்கள்

வீட்டில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். தூக்கி உட்கார வைக்க இருவர் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுப்பார்கள், அல்லது பக்கவாதத்தில் விழுந்த கையைப் பிடித்து இழுப்பார்கள். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருக்கும் தசைகள் தளர்ந்து கிடப்பதால் மூட்டு நழுவிவிடும். அதன் வலி மாதக்கணக்கில் இருக்கும். வலிக்குப் பயந்தே பலர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

அதனால் பிடிக்க வேண்டிய இடம் இடுப்பு. அகலமான துணி பெல்ட்டோ மடித்த வேட்டியோ இடுப்பில் கட்டி அதைப் பிடியுங்கள். நாற்காலிக்கு மாற்றும்போது, நாற்காலி அவருடைய நல்ல பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் முன்னால் நின்று, விழுந்த காலின் முழங்காலை உங்கள் முழங்காலால் தாங்கி, அவரை முன்னால் சாயச் சொல்லி எழுப்புங்கள். உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் விழுந்த கை மடியில் வைத்த தலையணை மேல் இருக்க வேண்டும், பக்கத்தில் தொங்கக் கூடாது.

காலையும் மாலையும் விரல், மணிக்கட்டு, முழங்கை, கணுக்கால், முழங்கால் ஒவ்வொன்றையும் பத்து முறை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். தோளை மட்டும் பிசியோதெரபிஸ்ட் சொல்லாமல் தோள் உயரத்துக்கு மேல் தூக்காதீர்கள். வலித்தால் அந்த அளவோடு நிறுத்த வேண்டும். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லி யாராவது கட்டாயம் யோசனை சொல்வார்கள். பக்கவாதத்தில் பெரும்பாலும் விரலை மடக்கும் தசைதான் இறுகுகிறது, விரிக்கத்தான் தெம்பு வேண்டும். பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்காமல் பந்து கொடுக்க வேண்டாம்.

எண்ணெய் தடவி இதமாக நீவிவிடலாம். வெந்நீர் ஒத்தடம் ஆபத்து. உணர்ச்சி குறைந்த தோலில் சூடு தெரியாமல் கொப்புளம் போட்டுவிடும். புறா ரத்தம் தடவினால் கை வரும் என்பார்கள். அதனால் பலன் ஒன்றுமில்லை. அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் பெரிய கேடு.

சாப்பாடு

பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதற்கு மிகவும் சிரமமானது தண்ணீர்தான். சட்டென்று ஓடித் தொண்டைக்குள் தவறிப் போய்விடும். கெட்டியான கேழ்வரகுக் கூழ், குழைய வடித்து மசித்த சோறு, தயிரில் ஊறிய இட்லி போன்றவை எளிது. டாக்டர் வாய்வழி உணவுக்கு அனுமதித்த பிறகு, நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையை மார்பை நோக்கிச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி, நல்ல பக்கமாக ஒரு டீஸ்பூன் அளவு கொடுங்கள். விழுங்கியதை உறுதி செய்துகொண்டு அடுத்த வாய். இருமல் வந்தாலும், குரல் கரகரவென்று ஈரமாக மாறினாலும் உடனே நிறுத்துங்கள். சாப்பிட்டு முடிந்ததும் விழுந்த பக்கக் கன்னத்தில் சோறு தங்கியிருக்கும், விரலில் துணி சுற்றி எடுத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள்.

மூக்குக் குழாய் இருந்தால், ஒவ்வொரு முறையும் மூக்கருகே பேனாவால் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊற்ற வேண்டும். நகர்ந்திருந்தாலோ குழாய் வெளியே வந்திருந்தாலோ நீங்களே உள்ளே தள்ளாதீர்கள், எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குப் போங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி, கஞ்சியைத் துணியில் வடிகட்டி, வார்டில் சொன்ன அளவை மெல்ல இறங்க விட்டு, கடைசியில் 30 மில்லி வெந்து ஆறிய தண்ணீர் விடுங்கள். வடிகட்டாத கஞ்சியும் சரியாகப் பொடிக்காத மாத்திரையும்தான் குழாயை அடைக்கின்றன. எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது என்பதால் மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது.

தேதி தள்ளிப்போகும்போது

முதலில் மாத்திரை. ஒரு வாரத்துக்கானது மிச்சமிருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். மறுபரிசோதனை தள்ளிப்போனதால் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை நின்றுபோய், இரண்டாவது முறை பக்கவாதம் வருவதுண்டு. தேதி கிடைக்காவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

அங்கேயே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அப்பாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம் இது. பிரஷர், சுகர் மாத்திரைகள் மட்டும்தான் வீட்டுக்கு வரும் என்று பலர் நினைக்கிறார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் அதில் உண்டு. வழி தெரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேட்கலாம்.

அடுத்து ஏதாவது சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைப் பயன்படுத்த வேண்டியிருந்தால், அட்டையை இப்போதே சரிபாருங்கள். அப்பாவின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா, ஆதாரில் உள்ள எழுத்தும் அதில் உள்ள எழுத்தும் ஒன்றா என்று பாருங்கள். காப்பீட்டு அனுமதி தாமதமாக இந்த ஒரு எழுத்துப் பிழையே போதும். அனுமதிக்கு அனுப்பியாகிவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னால், எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பதையும் விண்ணப்ப எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எண் கையில் இருந்தால்தான் அடுத்த முறை பேச்சு நகரும்.

பிரஷரைத் தினமும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, நல்ல கையில் பாருங்கள். தேதி, அளவு, அன்று என்ன செய்ய முடிந்தது என்று நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். உதாரணமாக, “சாய்மானம் இல்லாமல் பத்து நிமிடம் உட்கார்ந்தார்.” டாக்டர் உங்களுக்கு ஒதுக்க முடிகிற சில நிமிடங்களில் இந்த நோட்டுதான் பேசும்.

தேதிக்குக் காத்திருக்கக் கூடாதவை

வாய் திடீரென்று மறுபடி கோணினால், நல்லாயிருந்த கை தளர்ந்தால், பேச்சு குளறினால் 108-ஐ அழையுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைச் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் அந்த நேரம்தான் முதல் கேள்வி. வலிப்பு, மூச்சுத் திணறல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, தார் போலக் கறுத்த மலம், எழுப்பினாலும் கண் திறக்காத மயக்கம் இவற்றுக்கும் உடனே கிளம்ப வேண்டும். கிளம்பும்போது அந்த ஃபைலையும் நோட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.