பி.எஸ்சி. கணிதமா? துணைப்பாடத்தைப் பார்த்து எடுங்கள்

சேலத்தில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தால் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அப்புறம் பி.எட். தானே?" வாத்தியார் வேலை நல்ல வேலைதான், ஆனால் அது ஒன்றுதான் வழி என்றில்லை.

துணைப்பாடத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் புள்ளியியலை எடுங்கள். யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வை எழுத, பட்டப்படிப்பிலோ முதுகலையிலோ புள்ளியியல் படித்திருக்க வேண்டும். வெறும் கணிதம் போதாது. இது மூன்றாம் வருடம்தான் தெரியவந்து கையைப் பிசைபவர்கள் உண்டு. காப்பீட்டுத் துறையில் ஆக்சுவரி, அதாவது எதிர்கால இழப்பையும் பிரீமியத்தையும் கணக்கிடும் நிபுணர், ஆக ஆசையா? நுழைவுத் தேர்வான ஏசெட்டை பிளஸ் டூ முடித்தவர்களே எழுதலாம். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு இருக்கிறது.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் தாளை மட்டும் மனப்பாடம் செய்துவிடாதீர்கள். ஏற்காட்டில் நான்கு காப்பித் தோட்டங்கள், கீழே சேலத்தில் மூன்று கிடங்குகள். எங்கிருந்து எங்கே எத்தனை மூட்டை அனுப்பினால் லாரி வாடகை குறையும்? போக்குவரத்துக் கணக்கு என்பது இதுதான். முதலில் கையால் போடுங்கள். பிறகு அதையே பைத்தான் என்ற நிரல்மொழியில் போட்டுப் பாருங்கள். பைத்தானோடு சேர்த்துக்கொள்ளும் சைபை என்ற நிரல் தொகுப்பில், இந்த மாதிரி நேரியல் கணக்குகளைப் போட லின்ப்ராக் என்ற கட்டளை இருக்கிறது, காசு கிடையாது. இரண்டு விடையும் ஒத்துவரவில்லை என்றால், பெரும்பாலும் தப்பு நம் கையில்தான் இருக்கும்.